நான்கு பிடிக்குள்

உருவமில்லாத கடவுளைப் பற்றி நான்கு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? அந்த வயதில் பிள்ளை கையால்தான் யோசிக்கும். அம்மா என்றால் ஒரு வட்டம், இரண்டு கால். மழை என்றால் நீலக் கோடுகள். கடவுள் என்று நாம் சொல்லி முடிக்குமுன் கலர்ப் பென்சிலைத் தேடும். அந்தக் கையைத் தடுத்து, "இதை மட்டும் கீறாதே" என்று சொல்கிற ஒரு சமயம், அதே கைக்கு வேறு என்ன வேலையைக் கொடுக்கிறது? பல வருடங்களாக ஒரு கைவேலை மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு நான் யோசித்து வரும் கேள்வி இது.

நான் யூதப் பெண் இல்லை. யாழ்ப்பாணத்தில் சைவ வீட்டில் பிறந்து வளர்ந்தவள். வடமேற்கு லண்டனில், எட்ஜ்வெயர் பக்கத்தில், ஒரு யூத நேர்சரியில் உதவி ஆசிரியையாக வேலை செய்கிறேன். இந்தப் பகுதியில் அது ஒன்றும் புதினமில்லை. யூதக் குடும்பங்களும் ஈழத் தமிழ்க் குடும்பங்களும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கிறோம். வேலை முடிந்து வரும் வழியில் கோஷர் பேக்கரியில் பாணும் தமிழ்க் கடையில் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வீடு போகலாம். நேர்சரியில் என் பொறுப்பு கடதாசி, மட்டை, கம், கத்தரிக்கோல். யூத ஆண்டு தொடங்கும் செப்டெம்பரிலிருந்து கோடை விடுமுறை வரைக்கும் அந்த மேசையில் ஏதாவது ஒரு பண்டிகை இருந்துகொண்டே இருக்கும்.

ஒரு நாள் ஒரு சிறுமி மஞ்சள் மட்டையில் ஒரு முகத்தை வெட்டினாள். இரண்டு கண், வாய், மேசை விளிம்புவரை தொங்கும் தாடி. "இது ஹஷெம்" என்றாள். அங்கே பிள்ளைகள் கடவுளை அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டில் நான் அப்படி ஒன்றை வெட்டிக் கொடுத்திருந்தால் அம்மம்மா அதைச் சாமி அறையில் கொண்டுபோய் வைத்திருப்பார். எங்கள் தலைமை ஆசிரியை அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தினார். குரலில் கடுமை இல்லை. "நாங்கள் ஹஷெமைக் கீறுவதில்லை. அவரைக் கண்டவர் ஒருவரும் இல்லையே. அவர் என்ன செய்வார், சொல்லு பார்ப்பம்?"

"மழை பெய்யப் பண்ணுவார்."

"அப்ப மழையை வெட்டுவமா?"

இரண்டு பேரும் நீலக் கடதாசியை நீள நீளமாகக் கிழித்தார்கள். தாடி வைத்த முகம் தாத்தாவாக மாறி அன்று பின்னேரம் அவளோடு வீட்டுக்குப் போனது.

இதில் நான் பார்த்தது வெறும் தடையை அல்ல. மஞ்சளைக் குழைத்துப் பிள்ளையார் பிடித்து உச்சியில் அறுகம்புல் செருகுவது சின்ன வயதில் எனக்கு அம்மம்மா தந்த வேலை. பூசை முடிந்ததும் அதைத் தண்ணீரில் கரைத்துவிடுவோம். அந்தப் பிடி மஞ்சளோடு கடவுள் முடிந்துவிட்டார் என்று எங்கள் வீட்டிலும் எவரும் நினைத்ததில்லை. இருந்தாலும் கடவுளைக் கையில் எடுத்துப் பிடிக்கும் உரிமை எனக்குக் கிடைத்தது. அந்தச் சிறுமிக்கு அது கிடையாது. பத்துக் கட்டளைகளிலேயே சிலையும் சாயலும் விலக்கப்பட்டிருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ், யூத நம்பிக்கையின் பதின்மூன்று அடிப்படைகளை வகுத்தபோது, கடவுளுக்கு உடல் இல்லை என்பதை மூன்றாவதாக வைத்தார். கடவுள் இன்னது என்று சொல்வதைவிட இன்னது அல்ல என்று சொல்வதே நேர்மையானது என்ற அளவுக்கு அவர் போனார். ஒரு தத்துவ மாணவன் அதோடு மல்லுக்கட்டலாம். கையில் கத்தரிக்கோலோடு நிற்கும் பிள்ளை என்ன செய்யும்?

அதற்கு மைமோனிடிசுக்கு ஆயிரம் வருடங்களுக்கு முன்பே ஒரு பதில் இருந்திருக்கிறது. செங்கடலைக் கடந்த மக்கள் பாடும் பாட்டு யாத்திராகமத்தின் 15ஆம் அதிகாரத்தில் வருகிறது. அந்தப் பாட்டில் அவர்கள் கடவுளை அழகுபடுத்துவதாகப் பாடுகிறார்கள் என்று பழைய ரபிகள், அதாவது யூத சமய ஆசிரியர்கள், வாசித்தார்கள். 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரபி இஷ்மவேல் அங்கே நின்று கேட்டார்: படைத்தவரை ஒரு மனிதன் அழகுபடுத்துவது நடக்கிற காரியமா? அவரே சொன்ன பதில்: கடவுளை அழகுபடுத்த முடியாது, கடவுள் சொன்ன செயலை அழகாகச் செய்யலாம். பண்டிகைக்கு அழகான குடில் கட்டு, அழகான ஈச்சங்குருத்தை எடு. ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூது இதை விரித்து அழகான ஊதுகொம்பையும் தோரா என்ற வேதத்தின் அழகான சுருளையும் சேர்க்கிறது. சாதாரணப் பொருளைவிட நல்லதை வாங்க மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாகச் செலவழிக்கலாம் என்று கணக்குக்கூடப் போட்டு வைத்திருக்கிறது. அதே இடத்தில் அப்பா ஷாவுல் என்ற இன்னொரு ரபியின் பதிலும் உண்டு: அவரைப்போல நட, அவர் இரங்குகிறவர், நீயும் இரங்கு.

கைக்கு என்ன வேலை என்ற என் கேள்விக்கு இவ்வளவு நேரான பதிலை நான் வேறெங்கும் காணவில்லை. கடவுளின் சாயலைச் செய்ய முடியாது என்றவுடன் அழகுணர்ச்சி முழுவதும் செயலின் பக்கம் திரும்பிவிடுகிறது. விளக்கு, மேசை, ரொட்டியை மூடும் துணி, குடில், கலண்டர் என்று கடவுளைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் கை தொடலாம். அப்பா ஷாவுல் சொன்னதும் அந்த மேசையில் நடக்கக் காண்கிறேன். இடக்கைப் பிள்ளைகளுக்கான கத்தரிக்கோல் எங்களிடம் போதாது. இரண்டு இடக்கைப் பிள்ளைகள் ஒன்றைச் சண்டையில்லாமல் மாற்றி மாற்றிப் பிடிக்கப் பழகும்போது, அன்றைய பண்டிகைப் பாடத்தில் பாதி முடிந்துவிட்டது என்பது என் எண்ணம்.

இந்தப் பதிலை ஒத்துக்கொண்டால் கைவேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டி வருகிறது. ஒன்று பண்டிகைப் பொருளின் படம், மற்றது பண்டிகைக்கு உதவும் பொருள். புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு மட்டையில் ஆட்டுக்கொம்பு செய்வது எல்லா நேர்சரிகளிலும் உண்டு. அது ஊதாது. ஆனால் அன்றைய கடமையே கொம்பின் ஒலியைக் கேட்பதுதான். விளக்குப் பண்டிகையான ஹனுக்காவுக்கு மஞ்சள் கடதாசிச் சுடர், பெசாஹ் என்கிற பஸ்காவுக்குப் பழுப்பு மட்டையில் புள்ளி வைத்த புளிப்பில்லா அப்பம். பிள்ளைக்குப் பெயர்களைச் சொல்லிக் கொடுக்க இவை உதவும், செய்யட்டும். செய்து முடித்ததும் அவை குளிர்பெட்டிக் கதவில் காந்தம் போட்டு ஒட்டப்பட்டு, பண்டிகைக்கு வெளியே நின்றுவிடும். இரண்டாவது வகை பண்டிகைக்கு உள்ளே போகிறது. அதை விளங்கிக்கொள்ள சுக்கோத்துக்கு வர வேண்டும்.

தமிழ் வேதாகமம் கூடாரப் பண்டிகை என்று சொல்வது இதைத்தான். எகிப்திலிருந்து வெளியேறி வனாந்தரத்தில் அலைந்த காலத்தின் நினைவாக ஏழு நாள் குடிலில் தங்க வேண்டும் என்பது லேவியராகமம் 23இன் கட்டளை. செப்டெம்பர், ஒக்டோபரில் எங்கள் தெருவில் கொல்லைப்புறங்களிலும் வீட்டு முன்றல்களிலும் பலகையாலும் கன்வஸ் துணியாலும் குடில்கள் எழும்பும். சுவர் எதுவாகவும் இருக்கலாம், கூரைக்குத்தான் சட்டம். அது நிலத்தில் முளைத்ததாக, நிலத்திலிருந்து வெட்டப்பட்டதாக இருக்க வேண்டும். உள்ளே வெயிலைவிட நிழல் கூடுதலாக விழ வேண்டும். இரவில் நட்சத்திரம் தெரிய இடைவெளி விடுவது நல்லது. படுப்பதற்காகப் பின்னிய பாயைக் கூரையாகப் போடக் கூடாது, கூரைக்கென்றே பின்னியதைப் போடலாம் என்று ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. இதை வாசித்ததும் எங்கள் ஊர்க் கிடுகு நினைவுக்கு வந்தது. தென்னோலையைப் பாதியாகக் கிழித்து, ஊறவைத்து, கூரைக்கென்றே பின்னுவோமே, அது இந்தச் சட்டத்துக்கு நன்றாகவே பொருந்தும். லண்டனில் ரபிமாரின் சான்றிதழோடு மூங்கில் பாய்கள் விற்கிறார்கள். கிளைகளை வெட்டிப் போடுகிறவர்களும் உண்டு.

கடதாசி கூரைக்கு ஆகாது. மரத்திலிருந்து வந்தது என்றாலும் ஆலையில் கூழாகி உருமாறிவிட்டது. அதன் இடம் கூரைக்குக் கீழே, சோடனையாக. நேர்சரிப் பிள்ளைகள் செய்யும் கடதாசிச் சங்கிலி எல்லாரும் அறிந்ததுதான். ஒரு விரல் அகலக் கீற்றை வளையமாக்கி ஒட்டி, அடுத்த கீற்றை அதற்குள் விட்டு ஒட்டிக்கொண்டே போவது. மூன்று வயதுப் பிள்ளைக்கும் கை வரும். கிறிஸ்மஸுக்கும் பிறந்தநாளுக்கும் உலகமெங்கும் செய்கிறார்கள். யூதச் சட்டம் இந்தச் சாதாரணச் சங்கிலியை எடுத்துக்கொள்ளும் விதத்தில்தான் எனக்கு வியப்பு.

தல்மூது காலத்தில் குடிலில் எவற்றைத் தொங்கவிட்டார்கள் என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது: வாதுமை, பீச், மாதுளை, திராட்சைக் குலை, கதிர்மாலை, திராட்சரசம், எண்ணெய், மா. வர்ணத் துணிகளும் உண்டு. பண்டிகை முடியும்வரை அவற்றை எடுத்து வேறு தேவைக்குப் பயன்படுத்தக் கூடாது. தொங்கும் மாதுளை பழுத்து மணந்தாலும் தின்ன முடியாது. குடில் கடவுளின் கட்டளைக்கு ஒதுக்கப்பட்டது, அதை அலங்கரிப்பதும் அதோடு சேர்ந்து ஒதுக்கப்பட்டதாகிவிடுகிறது. அந்த ரபிகளிடம் கடதாசியே இருக்கவில்லை. கடதாசி செய்யும் தொழில் பக்தாதுக்கு வந்தது 8ஆம் நூற்றாண்டின் கடைசியில். மாதுளைக்குச் சொன்ன சட்டம் அப்படியே இறங்கி வந்து, சுப்பர்மார்க்கெட்டில் வாங்கிய வர்ணக் கடதாசியில் ஒரு பிள்ளை ஒட்டிய வளையத்தின் மேலும் நிற்கிறது.

எங்கள் நேர்சரி பண்டிகையின் இடை நாட்களில் திறந்திருக்கும். அப்படி ஒரு நாள் குடிலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை எட்டி, தான் செய்த சங்கிலியின் கடைசி வளையத்தைக் கையில் காப்பாகப் போட இழுத்தாள். தலைமை ஆசிரியை கையைப் பிடித்தார். "பண்டிகை முடியும்வரை அது குடிலின்ரை. உன்ரையும் இல்லை, என்ரையும் இல்லை." பிள்ளை வாங்கிலில் இருந்தபடியே அந்தச் சங்கிலியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் புனிதம் என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் அவள் கைக்கு அன்று கிடைத்திருக்கிறது. தன் கையாலேயே செய்த ஒன்று தனக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. சமயங்களைப் பற்றி எழுதும் அறிஞர்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவள் ஒரு வளையத்தில் தொட்டிருக்கிறாள்.

இன்னொரு சட்டமும் உண்டு. சோடனை கூரையிலிருந்து நான்கு கைப்பிடிக்குள் தொங்க வேண்டும். பிடி என்பது மூடிய கையின் அகலம், ஏறக்குறைய 8 செண்டிமீற்றர். நான்கு பிடிக்குள் இருந்தால் அது கூரையைச் சேர்ந்தது. அதற்குக் கீழே அகலமாக எதையாவது தொங்கவிட்டால் அது கூரையின் நிழலை மறைக்கும் தனிப்பொருளாகிவிடும். மெல்லிய கடதாசிச் சங்கிலி குடிலைக் கெடுக்கும் அளவுக்கு அகலமானதல்ல என்றாலும், எந்தச் சோடனையையும் நான்கு பிடிக்குள் நிறுத்துவதே வழக்கம். தலைமை ஆசிரியை வாங்கிலில் ஏறி நின்று, கூரையிலிருந்து கையை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து அளப்பார். பிள்ளைகளும் தங்கள் சின்னக் கைகளால் சங்கிலியை அளந்து பார்ப்பார்கள். அவர்களுக்கு ஆறு, ஏழு பிடி வரும். தாழ்ந்து தொங்கும் சங்கிலியை நடுவில் தூக்கிக் கட்டுவோம். "வடிவா இருக்கு" என்று பாராட்டிவிட்டு மறப்பதைவிட, இப்படி அளந்து பார்ப்பது பிள்ளைக்குச் செய்யும் பெரிய மரியாதை என்று நினைக்கிறேன். பெரியவர்களின் சட்டம் அவளுடைய சங்கிலியையும் கணக்கில் எடுக்கிறது.

லண்டன் மழையில் கடதாசி தாங்காது. கிரேப் கடதாசியின் சிவப்பு ஒழுகி வாங்கில் எல்லாம் சாயமாகும். அதனால் பல இடங்களில் பிள்ளைகளின் படங்களை லமினேற் செய்து தொங்கவிடுகிறார்கள். வருடா வருடம் அதையே எடுத்து மாட்டலாம், வசதிதான். எனக்கு அதில் சம்மதமில்லை. குடில் தற்காலிக இருப்பிடமாக இருக்க வேண்டும் என்பதே அந்தப் பண்டிகையின் உயிர். நிரந்தரம் என்று நாம் நம்பும் வீட்டைவிட்டு வெளியே வந்து, காற்றும் மழையும் புகும் கூரைக்குக் கீழே சாப்பிடச் சொல்கிறது. ஊரில் வீட்டைவிட்டு ஓடி, முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்கள் எங்களில் பலர். கூரை எவ்வளவு மெல்லியது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை வருடத்துக்கு ஒருமுறை விரும்பிப் போய் நினைத்துப் பார்க்கும் மக்களின் குடிலில், நனைந்து தொய்யும் கடதாசிக்கு இடம் இருக்கட்டும்.

கை வேலை செய்யக் கற்பதோடு நிறுத்தவும் கற்க வேண்டும். ஓய்வுநாளில் விலக்கப்பட்ட முப்பத்தொன்பது வகை வேலைகளில் அளந்து வெட்டுவதும் கிழிப்பதும் எழுதுவதும் அழிப்பதும் அடங்கும். ஒட்டுவதும் விலக்குத்தான். என் மேசையில் நடக்கும் எல்லாமே அந்த நாளில் நின்றுவிடும். ஓய்வுநாள் வெள்ளி அந்தியிலேயே தொடங்கிவிடும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே பொழுது படும் என்பதால் வெள்ளிக்கிழமை நேர்சரி வேளைக்கே முடியும். மத்தியானம் கத்தரிக்கோல்களை எண்ணிப் பெட்டியில் போட்டு மூடுவேன். பாதி வெட்டிய பூ பாதியிலேயே இருக்கும். இந்த முப்பத்தொன்பது வேலைகளும் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்று கேட்டு அறிந்தபோது அசந்துபோனேன். வனாந்தரத்தில் கடவுளுக்கு ஆசரிப்புக் கூடாரம் கட்டச் செய்த வேலைகள் அவை. யாத்திராகமம் 31இல், பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்யத் தெரிந்த பெசலெயேல் என்ற கைவினைஞனைக் கடவுள் பெயர் சொல்லி அழைக்கிறார். அவனுடைய கைத்திறனும் கடவுள் தந்தது என்கிறது அந்த நூல். அது முடிந்த கையோடு ஓய்வுநாளைக் கைக்கொள்ளுங்கள் என்ற கட்டளை வருகிறது. கடவுளுக்கான வீட்டைக் கட்டும் வேலையென்றாலும் ஏழாம் நாள் நிற்க வேண்டும். புனிதமான பொருளைச் செய்யும் ஆசையும் ஒரு கட்டத்தில் விக்கிரகமாகலாம் என்று அந்தச் சட்டத்தை வகுத்தவர்கள் கண்டிருக்க வேண்டும்.

கடதாசி வெட்டும் கலை யூதர்களிடையே நெடுங்காலமாக உண்டு. 1345இல் ஸ்பெயினில் ரபி ஷெம் தோவ் இப்னு அர்துத்தியேல் பேனாவுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடக்கும் ஒரு வாதத்தை எபிரேயத்தில் எழுதினார். குளிரில் மை உறைந்துவிட, எழுத்துகளைக் கடதாசியில் வெட்டியெடுத்த கதை அது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் போலந்து, லித்துவேனியா, உக்ரேன் பக்கங்களில் இந்தக் கலை வீட்டுக்கு வீடு போனது. செய்தவர்கள் பெரும்பாலும் சமயப் பள்ளிக்கூடத்துப் பையன்களும் அவர்களுடைய ஆசிரியர்களும். தோரா கிடைத்த நாளான ஷவுவோத் பண்டிகைக்கு வெள்ளைக் கடதாசியில் பூவும் பறவையும் வெட்டி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுவார்கள். அந்தப் பக்கத்து யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் ரோய்ஸெலெக், சின்ன ரோஜாக்கள் என்று பெயர். ஷவுவோத்துக்கு மரக்கிளைகளால் ஜெப ஆலயத்தை அலங்கரிப்பது கிறிஸ்தவ வழக்கத்தைப்போல இருக்கிறது என்று வில்னா காவோன் என்று அறியப்பட்ட ரபி (1720-1797) அதை நிறுத்தச் சொன்னார். கடதாசிப் பூவுக்கு அந்தத் தடை இல்லை.

வருடத்தில் எனக்கு மிகப் பிடித்த கைவேலை அதுதான். மெல்லிய வெள்ளைத் தாளை நடுவில் மடித்து, மடிப்பு இடக்கைப் பக்கம் இருக்கப் பிடிக்க வேண்டும். மடிப்பை வெட்டிவிட்டால் இரண்டு துண்டாகிவிடும், ஆகவே மடிப்பில் எங்காவது ஓரிடத்தைத் தொடாமல் விட வேண்டும். பிள்ளைகளின் மொண்டிக் கத்தரிக்கோலால் வளைவு வராது. கத்தரிக்கோலை அசைக்காமல் தாளைத் திருப்பு என்று சொல்லிக் கொடுப்பேன். ஒரு பக்கத்தில் கடித்தது போன்ற ஒரு வெட்டு, நடுவில் ஒரு பிறை. பிறகு விரிக்கும்போது பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொள்ளும். தான் வெட்டாத பாதியும் அங்கே இருக்கிறது. மேசையில் விழுந்த துண்டுகளைக் கூட்டி எடுத்துவிட்டு, தாளை ஜன்னலில் ஒட்டினால், வெட்டியெடுத்த இடங்களில்தான் வெளிச்சம் வரும். மைமோனிடிஸ் சொன்ன 'இன்னது அல்ல' என்ற வழியை ஒரு பிள்ளை கையால் பழகுவதாக இருந்தால் இதுவே அதற்குக் கிட்டிய பயிற்சி. நீக்க நீக்கத் தெரிகிறது. இதை நான் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. பூவை ஜன்னலில் பார்க்கிற சந்தோஷம் அவர்களுக்குப் போதும்.

கிழக்கு ஐரோப்பாவின் அந்தப் பழைய வெட்டுத்தாள்களில் மிகச் சிலவே மிஞ்சின. அவை ஒட்டியிருந்த ஜன்னல்களும் வீடுகளும் வெட்டிய பையன்களின் பேரப்பிள்ளைகளும் நாசிகளின் கையில் அழிந்தார்கள். கீஸா பிராங்கல் என்ற ஆய்வாளரும் பின்னாளில் யெஹுதித் ஷாதுர், யோசெப் ஷாதுர் தம்பதியினரும் எஞ்சியவற்றைத் தேடி ஆராய்ந்தார்கள். யெஹுதித் தானே வெட்டவும் தொடங்கி அந்தக் கலைக்கு மறுபடி உயிர் கொடுத்தவர்களில் ஒருவரானார். எங்கள் நேர்சரி ஜன்னலில் மே, ஜூனில் ஒட்டும் கோணல் பூக்கள் அந்த வரிசையில் வருகின்றன என்பதை நினைத்தால் என் கை கொஞ்சம் கவனமாகிறது.

தோரா வாசிப்பு முடிந்து மறுபடி தொடங்கும் பண்டிகையான சிம்ஹாத் தோராவுக்குச் செய்யும் கடதாசிக் கொடியும் உள்ளே போகும் வகைதான். தோராச் சுருளைத் தூக்கி ஆடும் பெரியவர்களுக்குப் பின்னால் பிள்ளைகள் கொடி பிடித்துப் போவார்கள். முன்பு கிழக்கு ஐரோப்பாவில் கொடிக்கம்பின் நுனியில் அப்பிளைக் குத்தி, அதில் மெழுகுதிரி ஏற்றுவார்களாம். இப்போது மெழுகுதிரி இல்லை.

பெசாஹ் வரும்போதுதான் எனக்கு மனம் குழம்பும். எகிப்தின் மேல் வந்த பத்து வாதைகளுக்கும் பத்து முகமூடிகள் ஒரே பெட்டியில் விற்பனைக்கு வருகின்றன. எல்லாம் வெட்டப்பட்டு, பின்னால் பசை பூசப்பட்டு ஆயத்தமாக இருக்கும். தவளைக்கு இளிப்பு, பேனுக்குக் கோமாளிக் கண். பத்தாவது வாதை எகிப்தியரின் தலைப்பிள்ளைகளின் சாவு. அதற்கும் ஒரு முகமூடி இருக்கிறது. யூத மரபு இந்தக் கதையை இப்படி இலேசாக எடுக்கவில்லை. பஸ்கா இரவு விருந்தில் ஒவ்வொரு வாதையின் பெயரையும் சொல்லும்போது கிண்ணத்திலிருந்து ஒரு துளி திராட்சரசத்தை வெளியே எடுத்து விடுகிறார்கள். மற்றவர் சாவில் எங்கள் கிண்ணம் நிறைந்திருக்கக் கூடாது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். எகிப்தியர் கடலில் மூழ்கும்போது வானதூதர்கள் பாட எழுந்தார்கள், என் கைகள் படைத்தவர்கள் மூழ்கும்போது நீங்கள் பாடுவதா என்று கடவுள் தடுத்தார் என்று தல்மூதிலேயே கதை உண்டு. இவ்வளவு கூச்சத்தோடு பேணிவந்த நினைவை அந்தப் பெட்டி இளிக்கும் முகமூடியாக்குகிறது. போர் நடந்த மண்ணிலிருந்து வந்தவள் என்பதாலோ என்னவோ, செத்த பிள்ளையின் முகமூடியை இன்னொரு பிள்ளையின் முகத்தில் கட்ட என் கை எழாது. வெள்ளைக் கடதாசித் தட்டொன்றில் பிள்ளை தன் சுண்டுவிரலால் பத்துத் துளி சிவப்பு மை வைக்கட்டும். ஏன் துளி என்று கேட்டால் சொல்லலாம்.

பிள்ளை கேட்பதற்காகவே அந்த இரவு அமைக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் ஆகக் குறைந்த வயதுப் பிள்ளை நான்கு கேள்வி கேட்க வேண்டும். ரபி அகிவா பஸ்கா அந்தியில் பிள்ளைகளுக்கு வறுத்த தானியமும் கொட்டைகளும் கொடுப்பாராம், நித்திரையாகாமல் இருந்து கேள்வி கேட்பதற்கு. வழமையில் இல்லாத ஏதாவது நடந்தால்தான் பிள்ளைக்கு 'ஏன்' வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆயத்தமாக வெட்டிய பெட்டி அந்த ஏன் எழுவதற்கு இடம் வைப்பதில்லை. எங்கே ஒட்டுவது என்று புள்ளிக்கோடு காட்டும், ஒட்டினால் வேலை முடிந்தது. எல்லாருடைய முகமூடியும் ஒன்றுபோல இருக்கும், எவருடையது எது என்று பெயர் எழுதினால்தான் தெரியும். மேசையில் சத்தமே இருக்காது. பிள்ளைகள் சத்தமில்லாமல் பஸ்காவுக்கு ஆயத்தமாவது அந்தப் பண்டிகைக்கே ஒவ்வாத ஒன்று.

எங்கள் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மட்டைப் பெட்டி இருக்கிறது. கடவுளின் பெயர் எழுதிய தாளை யூதர்கள் குப்பையில் போட மாட்டார்கள். சேர்த்து வைத்து இடுகாட்டில் புதைப்பார்கள். பிள்ளைகள் எழுத்துப் பழகும் தாளில் ஆசீர்வாதம் ஏதும் அச்சாகியிருந்தால் அது அந்தப் பெட்டிக்குள் போகும். இதே வழக்கத்தால்தான் பழைய கெய்ரோவில், பென் எஸ்ரா ஜெப ஆலயத்தின் ஓர் அறையில் நூற்றாண்டுக் கணக்கான தாள்கள் குவிந்து கிடந்தன. 1896-97இல் சொலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அவற்றைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். அங்கே மட்டும் ஏறக்குறைய 1,93,000 துண்டுகள் இருக்கின்றன. மைமோனிடிஸ் தம் கையால் எழுதிய தாள்கள் அதில் உண்டு. வணிகர்களின் கடிதங்கள், திருமண ஒப்பந்தங்கள், கடன் சீட்டுகள் உண்டு. பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சித் தாள்களும் உண்டு: ஆசிரியர் எழுத்தின் வெளிக்கோட்டைப் பெரிதாக வரைந்து கொடுக்க, பிள்ளை உள்ளே வர்ணம் நிரப்பியிருக்கிறது. கோட்டுக்கு வெளியே கிறுக்கியும் இருக்கிறது. கிறுக்கலையும் மைமோனிடிசையும் ஒரே அறையில் பிரித்துப் பார்க்காமல் போட்டு வைத்த அந்தப் பெயர் தெரியாத மனிதர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு.

இந்த முறை சுக்கோத்துக்கும் ஷவுவோத்துக்கும் ஆயத்தப் பெட்டிகள் வாங்குவதில்லை என்று தலைமை ஆசிரியை ஒத்துக்கொண்டார். பெசாஹ் முகமூடியைப் பெற்றோர் எதிர்பார்க்கிறார்கள், படம் எடுத்துத் தாத்தா பாட்டிக்கு அனுப்ப விரும்புகிறார்கள், ஆகவே உடனே விட முடியாது என்றார். பத்தாவது முகமூடியையாவது எடுத்துவிடுவோம் என்று கேட்டிருக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் நீங்களே சொல்லுங்கள் என்றார், சொல்லப் போகிறேன். பழைய கலண்டர்த் தாள்களையும் பரிசு சுற்றிவந்த கடதாசிகளையும் வீட்டிலிருந்து அனுப்பும்படியும் அதே கூட்டத்தில் கேட்க வேண்டும். இடக்கைக் கத்தரிக்கோல் இன்னும் இரண்டு வாங்கப் பணம் ஒதுக்கியாயிற்று.